ஒரு மாத்திரைத் தொலைவு

அப்ரோஸ் பேகம் பிறருக்கு வந்த கடிதத்தைப் படிக்காதவர். அவரைப் பற்றி இந்த ஒரு வரியே போதும் என்பேன். ஆனால், ஊரார் கடிதங்களைப் பெற்று, அச்சிட்டு, உரியவரிடம் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அவற்றைப் படிக்காமல் இருப்பது எத்துணை அரிது என்பதை விளக்கினாலன்றி அவ்வரியின் பொருள் முழுமையாக விளங்காது. ஆகவே முறைப்படி தொடங்குகிறேன்.

அவர் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். தந்தை பிச்சை முகம்மது கடைத்தெருவில் பூட்டும் தாழ்ப்பாளும் ஆணியும் விற்றவர். எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளியிறுதி முடித்த பெண்கள் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்வது எங்கள் பக்கத்து வழக்கம். பெரும்பாலோர் கீழ்நிலைத் தேர்வோடு நின்றுவிடுவர். அப்ரோஸ் பேகம் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் மேல்நிலையில் தேறி, ராஜபாளையத்தில் மருத்துவமனைகளுக்குரிய பேண்டேஜ் துணியை வெளிநாடுகளுக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் தட்டச்சராகச் சேர்ந்தார். நாள்தோறும் பேருந்தில் போய்வருவார். அந்நிறுவனத்துக்கு டெலக்ஸ் வந்தபோது டெலக்ஸ் கற்றார். ஃபேக்ஸ் வந்தபோது அதையும் கற்றார். தொண்ணூறுகளின் நடுவில் கணிப்பொறி வந்தபோது, அதன் உறையைப் பிரிக்க மற்றவர்கள் தயங்கி நிற்க, அவரே கத்தரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டினாராம்.

அங்கே அவர் பெற்ற பழக்கம் ஒன்று பின்னாளில் பெரிதும் உதவியது. கிடங்கில் பேல் எனப்படும் துணிப்பொதி ஒன்று கணக்கில் இருந்து கண்ணில் படாவிட்டால், எல்லோரும் பேலைத் தேடுவார்களாம்; இவர் மட்டும் தேடுகிறவர்களைப் போய்ப் பார்ப்பாராம். "காணோம்னு சொல்லுததுக்கு முன்னாடி, எங்க நின்னு தேடுதோம்னு பாக்கணும் சார். பாதி நேரம் பொருள் இருக்கும். நாமதான் பக்கத்து அறையில நிப்போம்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அவருடைய கணவர் உதுமான் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தை அடுத்து எஸ்.டி.டி. பூத் நடத்திவந்தார். 1998இல் அப்ரோஸ் பேகம் வேலையை விட்டுவிட்டு, பூத்தின் பின்பகுதியை ஒட்டுப்பலகையால் தடுத்து, அங்கே ஒரு கணிப்பொறியும் அச்சுப்பொறியும் வைத்தார். இணைய இணைப்புக்கு மதுரைக்கு டயல் செய்ய வேண்டும். அது பாதியில் அறுந்துபோவதும் உண்டு. ஆகவே காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் இணைத்து, வந்த மின்னஞ்சல்களை எல்லாம் கணிப்பொறிக்குள் இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடுவார். கடைக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். சவுதியிலும் குவைத்திலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள் அந்த ஒரே முகவரிக்கு எழுதுவார்கள். அப்ரோஸ் பேகம் அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபோல்டர் என்று கணிப்பொறியில் வைத்து, உரியவர் வந்து கேட்கும்போது அச்சிட்டுக் கொடுப்பார். ஊர்க் கடிதங்கள் அனைத்தும் ஒரே பெட்டியில் விழுவது போன்ற ஏற்பாடு அது.

கடை தொடங்கிய புதிதில் ரஹ்மத் பீவி என்னும் முதிய பெண்மணி வாசலில் நின்று, "எம் மருமவன் எழுதுததை எல்லாம் நீயும் படிப்பியே, அப்ரோசு. பொறவு தண்ணிக் குழாயில நின்னு சொல்லுவியே" என்றாராம்.

"படிக்க மாட்டேன் பெரியம்மா."

"அது எப்படி கண்ணு பாக்காம இருக்கும்?"

"அனுப்புனது யாரு, தலைப்பு என்ன, இம்புட்டுதான் பாப்பேன். அதுக்குக் கீழ என் கண்ணு எறங்காது."

அன்றிலிருந்து அதுவே கடையின் சட்டமாயிற்று. அச்சுத்தாள் வெளிவரும்போது அதைக் கவிழ்த்தே எடுப்பார். படிக்கத் தெரியாதவர்கள் கேட்டால் மட்டும் வாசித்துக் காட்டுவார். கடைக்குக் கூட்டம் சேர்ந்ததற்குக் கணிப்பொறியைவிட அந்தச் சட்டமே காரணம் என்பது என் துணிபு.

இனி, நான் நன்றியோடு நினைவுகூரும் நாளுக்கு வருகிறேன். 1999ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். முதல்நாள் இடியும் மழையுமாக இருந்ததால் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. பெங்களூரில் இருந்த என் மகள் எழுதிய மின்னஞ்சலின் அச்சுப்படிக்காக முற்பகலில் நான் கடையில் காத்திருந்தேன். அப்போது வன்னியம்பட்டி வெள்ளைத்தாய் வந்தார். அவருடைய மகன் தவசிமுத்து என்னிடம் பத்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவன்; வளைகுடா நாடொன்றில் வெல்டராக இருந்தான்.

"தாயி, எம் மவன் கடுதாசி ஏதும் வந்திருக்கா?"

"போன மாசம் வந்ததைத்தான் குடுத்துட்டேனேக்கா. அதுக்குப் பொறவு வரலியே."

"வந்திருக்கும். நல்லாப் பாரு."

குரலில் ஏதோ ஒன்று உதுமானை நிமிர வைத்தது. "என்னக்கா, மொகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

வெள்ளைத்தாய் முந்தானையில் சுருட்டி வைத்திருந்த நாளிதழ்ப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. டீக்கடையில் யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். தவசிமுத்து இருந்த நகரத்தில், தொழிலாளர்கள் தங்கியிருந்த கேம்புக் கட்டடம் ஒன்று தீப்பற்றி எரிந்தது என்றும், இறந்தவர்களில் தமிழரும் உண்டு என்றும், பெயர்கள் இன்னும் தெரியவில்லை என்றும் செய்தி கூறியது. கட்டடத்தின் பெயரும் இருந்தது. தவசிமுத்து தன் முகவரியில் எழுதிவந்த அதே பெயர்.

"போன கடுதாசியில என்ன எழுதியிருந்தான்னு நீதான தாயி வாசிச்ச" என்றார் வெள்ளைத்தாய். "இந்தக் கேம்புல இருந்து வேற கேம்புக்கு மாத்தப் போறாக, மாத்தினதும் எழுதுதேன்னு எழுதியிருந்தான்ல? மாத்திட்டான்னா எம் புள்ள இருக்கான். மாத்தலைன்னா..."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "அவிய ஆலங்குளம் ஃபேக்டரியில காவல் ஷிப்டுல இருக்காவ. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைத்தான் திருப்புவாவ. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு விவரம் தெரிஞ்சாகணும்" என்றார். 'அவிய' என்றது கணவர் பால்ச்சாமியை. முன்பே ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர் அவர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

உதுமான் உடனே, தவசிமுத்து முன்பு தந்திருந்த கேம்பின் தொலைபேசி எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் மணி ஒலிக்கவே இல்லை. மீண்டும் சுழற்றினார். அப்போதும் இல்லை.

அப்ரோஸ் பேகம் அதற்குள் கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தார். மின்னஞ்சல் மென்பொருளில் வெள்ளைத்தாயின் ஃபோல்டரைத் திறந்தார். அது வெறுமையாக இருந்தது. சென்ற மாதம் அச்சிட்டுக் கொடுத்த கடிதம்கூட அதில் இல்லை.

"இது என்ன கூத்து? போன மாசத்துதும் காணோம்."

"அழிச்சுட்டியா?" என்றார் உதுமான்.

"நான் என்னைக்கு எதை அழிச்சிருக்கேன்? நீங்க போன் பில்லை அழிச்சதுதான் இந்தக் கடையில நடந்த ஒரே அழிவு."

கலக்கத்திலும் வெள்ளைத்தாயின் உதடு இலேசாக அசைந்தது. அப்ரோஸ் பேகம் வேண்டுமென்றேதான் அப்படிப் பேசினார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, முதல்நாள் இரண்டுமுறை மின்சாரம் திடீரென நின்றதை நினைவுகூர்ந்தார். கடிதங்களைக் கணிப்பொறி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், கடிதம் உள்ளே இருக்க, அதன் பட்டியல் மட்டும் குலைந்துவிடும் என்பதை அவர் ராஜபாளையத்தில் கண்டிருக்கிறார். பட்டியல் குலைந்த இடத்தில் எத்தனை முறை தேடினாலும் 'எதுவும் இல்லை' என்ற விடைதான் வரும்.

அவர் அவசரப்படவில்லை. கடிதங்கள் இருந்த கோப்புகள் அனைத்தையும் முதலில் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தார். "சரிசெய்யப் போயி, இருக்கததையும் தொலைச்சிரக் கூடாது" என்றார். படியெடுத்து முடிந்தபின், கோப்புகளைச் சுருக்கிச் சீர்செய்யும் கட்டளையைக் கொடுத்தார். திரையில் நீலப் பட்டை ஒன்று மெல்ல மெல்ல நகர்ந்தது. வெள்ளைத்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தாயி, அது நகருதா, நிக்குதா?"

"நகருதுக்கா. நம்ம ஊரு டவுன் பஸ்சு மாதிரிதான். ஆனா போய்ச் சேந்துரும்."

போய்ச் சேர்ந்தது. ஃபோல்டரில் பழைய கடிதங்கள் மீண்டும் தோன்றின. ஆனால், புதிதாக எதுவும் இல்லை. கடைசியாக இருந்தது சென்ற மாதத்துக் கடிதமே.

அடுத்து, தேடும் கட்டத்தைத் திறந்து, அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் தவசிமுத்துவின் பெயரை அடித்துத் தேடச் சொன்னார். அதே பழைய கடிதங்களே வந்தன. அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு, "எங்க நின்னு தேடுதேன்?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். வெள்ளைத்தாயின் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு தேடியதால், மென்பொருள் அந்த ஃபோல்டருக்குள் மட்டுமே தேடியிருக்கிறது. அதை மாற்றி, எல்லா ஃபோல்டர்களிலும் உட்பிரிவுகளிலும் தேடும்படி குறியிட்டார். அப்போதும் வேறு எதுவும் வரவில்லை.

"பேரை எப்படி எழுதியிருப்பான்?" என்றார் உதுமான்.

இது நல்ல கேள்வி. தமிழில் தகரம் ஒன்றுதான். இடத்துக்கேற்ப அது வலித்தும் மெலிந்தும் ஒலிக்கும், எழுத்து மாறாது. ஆங்கில எழுத்தில் எழுதும்போதோ ஒருவர் Thavasi என்பார், ஒருவர் Davasi என்பார், மற்றொருவர் Tavasi என்பார். கணிப்பொறிக்கு இவை மூன்றும் மூன்று வெவ்வேறு மனிதர்கள். பெயருக்கு நடுவே இடைவெளி விட்டால் நான்காவது மனிதன் பிறந்துவிடுவான்.

"எல்லாரும் ஒண்ணுபோல எழுதுத பகுதியை மட்டும் குடுத்துப் பாப்போம்" என்று அப்ரோஸ் பேகம், பெயரின் நடுத்துண்டான vas என்பதை மட்டும் அடித்தார். அனுப்பியவர் பெயரிலும் தலைப்பிலும் அந்த எழுத்துகள் வரும் கடிதங்களெல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்றன. சீனிவாசன், சீனிவாச ராகவன், வாசுதேவன், வசந்தா, மீண்டும் சீனிவாசன்.

உதுமான் எட்டிப் பார்த்தார். "பெருமாள் ஊருல போயி இதைத் தேடுனா வேற யாரு வருவா? அம்புட்டுச் சீனிவாசனும் எந்திரிச்சு வந்துட்டான்."

"எம் புள்ள அதுல இல்லியா?" என்றார் வெள்ளைத்தாய்.

"பழைய கடுதாசிதான் இருக்கு, புதுசா இல்லக்கா." அப்ரோஸ் பேகம் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார். "மேல எழுதுன பேருல இல்ல, தலைப்புலயும் இல்ல. ஒண்ணு, கடுதாசி வரவே இல்ல. இல்லைன்னா, வேற யாரு மூலமாவோ எழுதி, பேரு கடுதாசிக்கு உள்ள இருக்கணும்."

"அப்ப உள்ள பாரு தாயி."

அப்ரோஸ் பேகம் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டார். தேடும் கட்டத்தில் 'கடிதத்தின் உள்ளடக்கம்' என்று ஓர் இடம் உண்டு. கடை தொடங்கிய நாள்முதல் அந்த இடத்தில் அவர் ஓர் எழுத்தும் அடித்ததில்லை. அங்கே தேடினால் ஊரார் வீட்டுக் கடிதங்கள் எல்லாவற்றின் உள்ளேயும் கை விடுவதாகும் என்பது அவர் எண்ணம்.

"உள்ள பாக்க மாட்டேன்னு சொல்லித்தான் இந்தக் கடையை நடத்துதேன்" என்றார் மெதுவாக. வெள்ளைத்தாயிடம் சொன்னாரா, கணவரிடம் சொன்னாரா என்பது தெரியவில்லை.

"ஏட்டி அப்ரோசு, உன்னைய யாரு படிக்கச் சொன்னா?" என்றார் உதுமான். "தேடுதது மிஷின். அது படிச்சுட்டுப் போவட்டும். அதுக்கென்ன தண்ணிக் குழாயா இருக்கு, போயி நின்னு பேச?"

அவர் மனைவி தலையசைத்தார். பின்னர் இரண்டு காரியங்கள் செய்தார். திரையின் கீழ்ப்பாதியில், எந்தக் கடிதத்தைத் தொட்டாலும் அதன் உள்ளடக்கத்தைக் காட்டும் பகுதி ஒன்று இருந்தது. அதை மூடினார். இனிப் பெயரும் தலைப்பும் தேதியும் மட்டுமே தெரியும். அடுத்து என்னைப் பார்த்து, "சார், தப்பா நெனைக்காதீங்க. செத்த நேரம் அந்தப் பக்கம் நின்னுக்கிடுங்க. மத்தவங்க பேரெல்லாம் வரும்" என்றார்.

நான் தடுப்புக்கு வெளியே போய் நின்றேன். ஒட்டுப்பலகை மெல்லியது, பேச்சு நன்றாகவே கேட்டது. முன்பு vas என்று அடித்ததில் சீனிவாசன்கள் வந்ததால், அவர்களை விலக்க, முன்னே ஓர் எழுத்தைச் சேர்த்து avas என்று இம்முறை உள்ளடக்கத்தில் தேடினார். சிறிது நேரத்தில் உதுமானின் குரல் கேட்டது.

"இவ்வளவா? இதெல்லாம் யாரு?"

"யாருமில்ல. 'அவசரம்'. எல்லாப் பயலுவளும் 'அவசரம்'னு எழுதியிருக்கான். அதுலயும் இந்த எழுத்துதான வருது."

"அவசரம் இல்லாதவன் இந்த ஊருல ஒருத்தன்கூட இல்லையா?"

"நீங்க ஒருத்தர் இருக்கியள்ல."

பிறகு அப்ரோஸ் பேகம் வெள்ளைத்தாயிடம் கேட்டார்: "அக்கா, மேஸ்திரி அடிச்ச பழைய கடுதாசியில எல்லாம் கடைசியில தவசிமுத்துன்னு முழுசாத்தான் இருக்கு. அவனாச் சொன்னா பேரு எப்படிச் சொல்லுவான்?"

"முழுப்பேரு ரேஷன் கார்டுலதான். வீட்டுல தவசுன்னுதான் கூப்பிடுவோம். அவனும் அப்படித்தான் சொல்லுவான்."

"தவசு" என்று அப்ரோஸ் பேகம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இறுதியில் உகரம் வருகிறது. 'அவசரம்' என்பதில் அவ்விடத்தில் உகரம் இல்லை. விசைகள் ஒலிப்பது கேட்டது. அவர் அடித்தது avasu என்பதாகப் பின்னர் அறிந்தேன். கணிப்பொறி நெடுநேரம் முனகியது.

"ஒண்ணு இருக்கு" என்றார்.

வெள்ளைத்தாய் எழுந்து நின்றிருக்க வேண்டும். முக்காலி சாய்ந்த ஓசை கேட்டது.

"இருங்கக்கா. இது உங்களுது இல்ல போல." அப்ரோஸ் பேகத்தின் குரல் தளர்ந்தது. "மைதீன் பிச்சை மாமா ஃபோல்டர்ல கெடக்கு. அவிய மவன் ஹமீது அனுப்புனது. வந்தப்ப நான்தான் அதுல போட்டேன். மாமா கடையநல்லூர்ல மவ வீட்டுக்குப் போயிருக்காவ, பேரப்புள்ள பொறந்திருக்குன்னு. அதான் இன்னும் வாங்கிட்டுப் போகல."

மைதீன் பிச்சை கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்தவர். அவர் மகன் ஹமீது அதே வளைகுடா நகரத்தில் மளிகைக்கடை நடத்துகிறான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால், தவசிமுத்துவுக்கும் அவனுக்கும் பழக்கம் உண்டு என்று யாரும் அறிந்திருக்கவில்லை. தவசிமுத்து அதுவரை தன் கம்பெனி மேஸ்திரியின் கணிப்பொறியிலிருந்துதான், தன் பெயரில் எழுதிவந்தான்.

"அவன் கடுதாசியில எம் புள்ள பேரு எதுக்கு வருது?"

"தெரியலியேக்கா. இது ஹமீது அவிய அத்தாவுக்கு எழுதுனது. தலைப்புலயே போட்டிருக்கு. எப்பவும் அப்படித்தான் போடுவான்."

"என்னன்னு போட்டிருக்கு?"

"அத்தா."

"ஆத்தாவா?"

"இல்லக்கா, அத்தா. எங்க வீட்டுல அப்பாவை அத்தான்னுதான் கூப்பிடுவோம்."

"எம் புள்ள என்னைய ஆத்தான்னுதான் தாயி கூப்பிடுவான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆங்கில எழுத்தில் அத்தாவும் Atha, ஆத்தாவும் Atha. ஒருவர் தந்தை, மற்றவர் தாய். அகரத்துக்கு ஒரு மாத்திரை, ஆகாரத்துக்கு இரண்டு. வகுப்பறையில் ஆண்டுதோறும் பலகையில் எழுதிப் போட்ட பாடந்தான். அந்த ஒரு மாத்திரையை எழுத ஆங்கிலத்தில் எழுத்தில்லாமல், ஒரு தாய்க்கு வந்த கடிதம் ஒரு தந்தையின் ஃபோல்டரில் போய்க் கிடந்திருக்கிறது.

"சார், உள்ள வாங்க" என்று அழைத்தார் அப்ரோஸ் பேகம். நான் போனேன். "நீங்களும் சாட்சி. மைதீன் மாமா ஃபோல்டர்ல இருக்கத ஒரு கடுதாசியை அவிய இல்லாம நான் தொறக்கேன். அவிய வந்ததும் நானே சொல்லிருவேன்."

திறந்தார். தேதியை முதலில் பார்த்தார். தீவிபத்து நடப்பதற்குப் பல நாள்களுக்கு முந்தையது. ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருந்த தமிழை அவர் நிதானமாக வாசித்தார்.

"ஆத்தா, நான் நல்லா இருக்கேன். கேம்பு மாத்திட்டாங்க. இங்க தண்ணி நல்லா வருது. பக்கத்துல நம்ம ஊரு ஹமீது கடை இருக்கு, அவர்தான் இதை அடிச்சுத் தாராரு. இனிமே கீழ இருக்க நம்பருக்குப் பேசு. அய்யாவைப் பீடியைக் கொறைக்கச் சொல்லு. தவசு."

"பீடியைக் கொறைக்கச் சொல்லி எழுதியிருக்கானா?" என்றார் வெள்ளைத்தாய்.

"ஆமாக்கா."

"அப்ப அவன்தான்" என்று சொல்லி, அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உதுமான் எண்ணை எழுதிக்கொண்டு பூத்துக்குப் போனார். இம்முறை மணி ஒலித்தது. ஹமீதே எடுத்தான். தவசிமுத்து வேலைக்குப் போயிருக்கிறான், சாப்பாட்டு நேரத்துக்குக் கடைக்கு வருவான், செத்த நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்றான். தீயைப் பற்றிக் கேட்டதற்கு, அது பழைய கேம்பில் என்றும், அங்கிருந்த நண்பர்கள் இருவரைப் பார்க்கத் தவசிமுத்து மருத்துவமனைக்குப் போய்வந்தான் என்றும் சொன்னான். இதைக் கேட்ட பின்னும் வெள்ளைத்தாய் வீட்டுக்குப் போகவில்லை. குரலைக் கேட்க வேண்டும் என்றார். அப்ரோஸ் பேகம் டீ வாங்கிவரச் செய்தார். அதை அவர் குடிக்கவில்லை. ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தார்.

மீண்டும் தொடர்பு கிடைத்ததும் உதுமான் கருவியை அவர் கையில் கொடுத்து, பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்தப் போனார். வெள்ளைத்தாய் சாத்த விடவில்லை.

"ஏலே தவசு. எங்கலே போன?" என்றார். மறுமுனையில் அவன் ஏதோ சொன்னான். "கடுதாசி போட்டியா? போட்ட. அது அரிசிக்கடை மாமா வீட்டுக்குல்ல போயிருச்சு." மீண்டும் கேட்டார். "நீ ஆத்தான்னுதான் சொன்ன, தெரியும்லே. அவன் அடிச்சதுல நான் அத்தாவாயிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரியில கெடக்கானுவளே அந்தப் பயலுவ, சாப்பிடுதானுவளா? நீ என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். அதற்கு மேல் நாங்கள் காது கொடுக்கவில்லை.

பால்ச்சாமி ஆலையிலிருந்து வருவதற்கு முன்பே வெள்ளைத்தாய் வன்னியம்பட்டிக்குப் பேருந்து ஏறிவிட்டார். ஏறுவதற்கு முன் அப்ரோஸ் பேகத்தின் இரு கைகளையும் பற்றித் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். நன்றி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அச்சொல்லைப் பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை. ஆகையால் அவர் பொருட்டும், அந்த மாணவனுக்கு எழுத்தறிவித்த என் பொருட்டும், எழுத்துத்தமிழில் அச்சொல்லை இங்கே நான் பதிவு செய்கிறேன்.

மைதீன் பிச்சை ஊர் திரும்பியதும், சொன்ன சொல் மாறாமல் அப்ரோஸ் பேகம் அவர் கடைக்கே போய் நடந்ததைச் சொன்னார். அவர் கடிதம் ஒன்றைத் தாம் திறந்துவிட்டதாகவும், மன்னிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அரிசி அளந்துகொண்டிருந்த மைதீன் பிச்சை படியைக் கீழே வைத்தார்.

"நான் ஊருல இல்லாத நேரத்துல, என் ஃபோல்டர்ல ஒரு ஆத்தா வந்து குடியிருந்திருக்கா. இதை மொதல்ல எம் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லிரு தாயி. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றாராம்.

அப்ரோஸ் பேகம் தம் சட்டத்தைக் கைவிடவில்லை, அதைச் சீர்செய்தார். வெளிநாட்டிலிருந்து எழுதும் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தலைப்பில் உறவுமுறையை மட்டும் எழுதாதீர்கள், பெறுபவர் பெயரையும் ஊரையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நெடிலை எழுத எழுத்தை இரட்டியுங்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்திருந்தார். அதை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டி, பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னார். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் நான் போயிருந்தபோது அவர் என்னைத் திரையருகே அழைத்தார். ஹமீதின் முகவரியிலிருந்து வந்த ஒரு கடிதத்தின் தலைப்பு அங்கே நின்றது: Aaaaaathaa, வன்னியம்பட்டி வெள்ளைத்தாய்க்கு என்று ஆங்கில எழுத்தில் முழுமையாக.

"சார், நெடிலுக்கு எத்தனை 'ஏ' வரலாம்? இலக்கணத்துல கணக்கு இருக்கா?"

"இருக்கும்மா. நெடில் இரண்டு மாத்திரை. ஓசை குறையுத இடத்துல அளபெடுத்து மூணு ஆக்கலாம். அதுக்கு உயிரளபெடைன்னு பேரு."

"இவன் ஆறு போட்டிருக்கான்."

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

"இருக்கட்டும்மா" என்றேன். "அதைத் திருத்த வேண்டாம்."